ஜென்சியின் பெயர் போய்ச் சேர்ந்த கதை

முடிச்சூரிலிருந்து காட்டாங்குளத்தூருக்குப் போய்வருகிற ஜென்சிக்கு இந்த மாதக் கடைசிக்குள் வேலை நிரந்தரமாக வேண்டும். முன்பு தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தவள். இப்போது ஒரு தனியார் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில், பெற்றோருக்கு மெயில் அனுப்புவது அவள் பொறுப்பு. மெயில் இங்கிலீஷில்தான். அடியில் தன் பெயரை மட்டும் அச்சகத்துப் பழைய எழுத்துருவான பாமினியில், நீலத்தில், கொஞ்சம் சாய்த்துத் தமிழில் போட்டிருந்தாள். அச்சகத்தில் பழகிய கை, சும்மா இருக்குமா?

பதில்தான் வரவில்லை. ஒரே ஒருவர் போனில் கத்தினார்: "உங்க காலேஜ் பேர்ல எவனோ ஃபிராடு மெயில் வுட்டுகினு கீறாம்மா. அடியில இன்னாத்தையோ கிறுக்கி வச்சிக்கிறான்!"

மேலாளர் சாம்பசிவன் அவளைக் கூப்பிட்டார். "இந்த வாரமும் பதில் வரலேன்னா மெயில் வேலைய வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்மா. அப்புறம் உன்னை கன்ஃபர்ம் பண்ணுங்கன்னு நான் எந்த முகத்தோட கேக்கறது?"

பயம் ஒரு பக்கம் இருக்க, ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. அந்தப் பக்கம் அப்படி என்னதான் தெரிகிறது? பக்கத்து மேசை ஜெஃப்ரிக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு, அவன் போனை எட்டிப் பார்த்தாள். அடியில் n[d;rp என்று இருந்தது.

"இது இன்னாக்கா, வைஃபை பாஸ்வேர்டா?"

"என் பேருடா, தடியா!"

பாமினியில் 'ஜ' வேண்டுமென்றால் அடைப்புக்குறியைத் தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத போனுக்குத் தட்டின சாவி மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. உடனே பெயரைப் படமாக்கி ஒட்டி அனுப்பினாள். இந்தத் தடவை ஜெஃப்ரியின் போன் படத்தைத் தடுத்துவிட்டது; காலிக் கட்டம் ஒன்றுதான் வந்தது.

"இப்ப ஆளையே காணோம்க்கா."

படத்தை எடுத்தாள். தங்கைக்கு மெசேஜ் அடிப்பதுபோல, சாதாரண யூனிகோடில் 'ஜென்சி, சேர்க்கைப் பிரிவு' என்று அடித்தாள். மெலிந்து, கறுப்பாக நின்றது. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜெஃப்ரி அதை வாய்விட்டுப் படித்தான். பெற்றோர் எல்லோருக்கும் அந்தப் பெயரோடு மெயிலைத் திரும்ப அனுப்பினாள்.

இரண்டு நாளில் பதில்கள் வரத் தொடங்கின. ஊரப்பாக்கத்து அம்மா ஒருவர், 'ஜென்சி மேடம், பையன் சர்டிஃபிகேட் அனுப்பியிருக்கேன்' என்று தமிழிலேயே எழுதியிருந்தார். சாம்பசிவன் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஜென்சி மேடம், உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர்ல பேரு எப்படிப் போடணும்?"

"இனிஷியலோட, சார்."

சொல்லிவிட்டு, அவர் திரையில் அது எப்படி விழுகிறது என்று எட்டிப் பார்த்தாள்.