சைஸ் மாறிய கம்பி

மலை ஊர்களில் நான் பள்ளிக்கூடம் புதிதாகக் கட்டியது குறைவு. ஏற்கனவே கட்டியதை இடித்துச் சரிசெய்ததுதான் அதிகம். எழுபதுகளில் ஜவ்வாது மலை முழுக்க கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகச் சின்னச் சின்ன ஆரம்பப் பள்ளிகள் எழும்பின. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஓடு உடைந்து, தரை பெயர்ந்து, ஜன்னல் கதவை ஆடு முட்டிக் கழற்றி, எல்லாம் மராமத்துக்கு வந்துவிட்டன. நான் கான்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மலை வேலை என்றால் கீழே இருப்பவர்கள் யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஒரு சிமெண்ட் மூட்டையை மேலே ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும் என்பார்கள். அதனால் புதிதாக வந்த எனக்குச் சுலபமாகக் கிடைத்தது.

அப்படிக் கிடைத்த ஒரு வேலை, என் அப்பா கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்ப்பது. அந்த ஊரின் பேரைச் சொல்லப்போவதில்லை. சந்தவாசலிலிருந்து ஜீப்பில் போகிற மட்டும் போய், மிச்சத்தை நடந்து ஏற வேண்டிய ஊர்.

சந்தவாசலில் என் அப்பாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மாதா கோயில் திருவிழா என்றால் தேர் ஜோடிப்பது முதல் கூழ் ஊற்றுவது வரை அவர்தான் முன்னால் நிற்பார். வேலை நடக்கிற இடத்திலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு சிமெண்டுத் துளி பட்டு நான் பார்த்ததில்லை. அவர் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியபோது நான் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது எங்கள் ஓட்டு வீடு கான்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடாகியிருந்தது. மேலே எனக்கென்று ஓர் அறை. எங்கள் தெருவில் முதல் மெத்தை வீடு அதுதான். கூடப் படித்தவர்களைக் கூட்டிவந்து மேலே ஏற்றிக் காட்டினேன். கல்யாணமான பிறகு நானும் என் மனைவியும் அந்த அறையில்தான் இருந்தோம்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தேன். நான் இன்னாருடைய பிள்ளை என்று தெரிந்ததும் ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. உட்காரக் கட்டில் போட்டார்கள். மிளகாய் போட்டுத் தாளித்த மோர் வந்தது. பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் ஊர்ப்பேர் படித்து ஏறுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். எல்லாம் பெரியவர் புண்ணியம் என்று இன்னொருவர் சொன்னார். அப்பா இங்கே இரண்டு மாதம் தங்கி வேலை பார்த்ததையும், அவருக்காக ஊரார் ஒரு குடிசையையே காலி செய்து கொடுத்ததையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவின் பேர் இந்த மலைமேலும் நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன கோளாறு என்றால், ஒரு ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்குகிற கான்கிரீட் லிண்டலில் நடுவாக வெடிப்பு விட்டிருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்து ஒரு சிறுமிக்கு நெற்றி கிழிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வாத்தியார் அந்தப் பக்கம் பிள்ளைகளை உட்கார விடவில்லை. அந்த ஜன்னல் லிண்டலை உடைத்துப் புதிதாகப் போடுவது, ஓடு மாற்றுவது, தரை பூசுவது, இவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. வேலை முடிகிறவரை பிள்ளைகள் வெளியே புளியமரத்தடியில் படித்தார்கள்.

கொத்தனார் சாரத்தில் ஏறி உளியை வைத்துச் சுத்தியால் நாலு போடு போட்டார். லிண்டல் இவ்வளவு சுலபமாக உடையக்கூடாது. உள்ளே கம்பி இருந்தால் சிமெண்ட் உதிரும், கம்பி பிடித்துக்கொண்டு நிற்கும். இது கருப்பங்கழி மாதிரி இரண்டாக முறிந்தது. முறிந்த இடத்தில் இரும்பு இல்லை. விரல் நுழைகிற மாதிரி நீளமாக ஓர் ஓட்டை. அதற்குள்ளிருந்து கரையான் மண் கொட்டியது. பக்கத்திலேயே இன்னும் முழுசாய்க் கரையாத மூங்கில் பிளாச்சு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

கொத்தனார் என்னைப் பார்த்தார். அவரும் அப்பாவிடம் வேலை பார்த்தவர்தான், ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் கட்ட வந்தவர் இல்லை. அடுத்த ஜன்னலுக்குப் போய் ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தார். அதிலும் மூங்கில். சுவரின் உச்சியில் நாலு பக்கமும் சுற்றி ஓடுகிற கான்கிரீட் பெல்ட்டைக் கொத்திப் பார்த்தோம். அதிலும் மூங்கில்தான். வாசலுக்கு மேலே மட்டும் கம்பி இருந்தது. வேலையைச் சரிபார்க்க ஓவர்சீயர் வந்தால் வாசலில்தான் நிற்பார்.

என் முதல் யோசனை, உடைந்ததை யாரும் பார்ப்பதற்குள் குழியில் தள்ளி மூடச் சொல்ல வேண்டும் என்பதுதான். அப்படித்தான் சொன்னேன். கொத்தனார் இறங்கி, காலி சாக்கை எடுத்துத் துண்டுகளின் மேல் போட்டார்.

அதற்குள் சத்துணவு ஆயா வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சாய்ப்பில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்குகிற அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரே ஆயா என்று கூப்பிட்டாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்க வந்தவர், சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார்.

"தம்பி, நாங்க தூக்கியாந்த கம்பி எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அப்பா வேலை தொடங்கியபோது கம்பிக்கட்டு அடிவாரத்தில் வந்து இறங்கியிருக்கிறது. ஊரே இறங்கிப்போய் தோளில் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். ஆயா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வேண்டாம் என்று மாமியார் சொன்னதையும் கேட்காமல், பிறக்கப்போகிற பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமாயிற்றே என்று ஒரு முனையைப் பிடித்து வந்திருக்கிறார். ஓவர்சீயர் வந்து கம்பியைப் பார்த்துவிட்டுப் போனார். போன பிறகு அப்பா, கம்பி சைஸ் மாறி வந்துவிட்டது, இதைத் திருப்பி அனுப்பினால்தான் சரியான கம்பி வரும் என்று சொல்லியிருக்கிறார். அதே ஜனங்கள் அதே கம்பியைத் தோளில் வைத்துக் கீழே கொண்டுபோய் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"அப்பறம் சாமை அறுப்பு வந்துருச்சு. எல்லாரும் காட்டுல கெடந்தோம். அந்த நேரத்துல வேற கம்பி வந்துருக்கும்னு நெனச்சோம். வரவேயில்லியா தம்பி?"

அவர் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது. நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராகவே இருந்தது. ஆனால் மூங்கில் அவர் கையில் இருந்தது.

"வரலக்கா. எங்கப்பா போடல," என்றேன்.

அந்த அம்மாள் சட்டென்று திரும்பிப் புளியமரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பெரியவர்கள் யாருமில்லை.

"மெதுவா சொல்லுங்க. யார் காதுலனா வுழப்போவுது. பெரியவரு பேரு கெட்டுரும்," என்றார்.

அதுவரை என்னை நீ என்றுதான் பேசிவந்தார். அன்றைக்குத்தான் வாங்க போங்க என்று மாறினார். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிறகு சாக்கை விலக்கி, மூங்கில் துண்டுகளை எல்லாம் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிள்ளைகளின் சோறு அந்த மூங்கிலில்தான் வெந்தது. எனக்கும் ஒரு தட்டில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், சாப்பிட முடியவில்லை. யாரும் பார்க்காதபோது நாய்க்கு வைத்தேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏமாந்தவரே ஏமாற்றியவரின் மானத்தைக் காப்பாற்ற நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். அப்பா கறிவேப்பிலையை ஒதுக்கிவைத்துக்கொண்டே கேட்டார்.

"செவுரு வுழுந்துச்சா?"

இல்லை என்றேன்.

"அப்பறம் இன்னா? கல்லு செவுரு. அதுக்கு மூங்கிலே போதும்."

ஒரு பெண்பிள்ளைக்கு நெற்றி கிழிந்ததைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். ஆயாவிடம் சொன்னதைச் சொன்னேன். அப்போதுதான் அவர் கை நின்றது.

"பெத்தவனக் காட்டிக் குடுத்துட்டு வந்து, ஏங்கிட்டியே சொல்றியா," என்றார்.

கோயிலில் அன்றைக்குத்தான், சீடனே குருவைக் காட்டிக்கொடுக்கிற பாடுகளின் வாசகத்தை வாசித்திருந்தார்கள். அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆத்திரத்தில் நான் மேலே கையைக் காட்டி, நாங்கள் படுக்கிற அறைக்கூரையில் இருப்பது அந்தக் கம்பிதானா என்று கேட்டுவிட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சோறு ஆறுகிறது என்றார். அப்பா கை கழுவிக்கொண்டு எழுந்தார்.

அன்று முதல் கீழே கூடத்தில் படுத்தேன். மனைவி காரணம் கேட்டாள். மேலே புழுக்கமாக இருக்கிறது என்றேன். மழைக்காலம் வந்ததும் மறுபடி மேலேயே போய்ப் படுத்துக்கொண்டேன். வேறு எங்கே போவது? அந்த வீட்டுக் கூரையை உடைக்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை, அதன் கீழே நிம்மதியாகத் தூங்கவும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு ஜன்னலோடு நிறுத்தவில்லை. கோடை லீவில் ஓடு முழுக்க இறக்கி, எல்லா லிண்டலையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டுக் கம்பி கட்டிப் புதிதாகப் போட்டேன். கைப்பணம் போனது. அதை ஒரு தர்மம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. கம்பி மறுபடி அடிவாரத்தில் வந்து இறங்கியது. கூலி தருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்து வேலைக்கு யாராவது கூலி வாங்குவார்களா என்று கேட்டுவிட்டு, மறுபடியும் ஊர் ஜனங்களே தோள் கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் இரண்டிரண்டு பேராகக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தோளில் சும்மாடாக மடித்துப் போட்ட துணி நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி ஏறினார்கள். வெறுங்கையோடு பின்னால் நடக்க முடியாமல் நானும் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டேன். முன்முனையில் ஒரு நடுவயது ஆள். பாதி வழியில் இளைப்பாற நின்றபோது அவர் திரும்பாமலே கேட்டார்.

"இந்தத் தபா சைஸ் சரியா பாத்துத்தான வாங்கினீங்க?"

பார்த்துத்தான் வாங்கினேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஏறத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? ஆயா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இடித்துப்போட்ட லிண்டலை ஊரில் எத்தனை பேர் பார்த்தார்களோ. அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த ஊரில் யார் சிரித்தாலும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

வேலை முடிகிற சமயம் பலா பழுத்திருந்தது. ஆயா ஒரு பெரிய பழத்தை ஜீப்பில் ஏற்றிவைத்து, பெரியவருக்குக் கொடுங்க என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வீட்டில் இறக்கியதும் யார் கொடுத்தது என்று அப்பா கேட்டார். சொன்னேன். பலாப்பழம் என்றால் அப்பாவுக்கு உயிர். அன்றைக்கு அம்மா அறுத்துச் சுளை எடுத்து வைத்தும் அவர் தொடவில்லை. தெருவுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அந்த விஷயத்தில் அவருக்கும் உள்ளே ஏதோ இருந்தது என்பதற்கு நான் கண்ட ஒரே அடையாளம் அதுதான். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிமெண்ட் விலை, பஸ் நேரம் என்று பேசிக்கொண்டோமே தவிர அதைப் பேசவில்லை. நான் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பேரை ஓர் அந்நிய மனுஷியிடம் கெடுத்துவிட்டேன் என்பதும் கூடவே அரித்துக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்து அப்பா தவறிப்போனார். எப்படித் தெரிந்ததோ, மலையிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்திருந்தார்கள். ஆயாவும் வந்திருந்தார். கோயிலுக்குள் செருப்போடு வரலாமா என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். நான் போய் உள்ளே கூப்பிட்டேன். கல்லறையில் எல்லோரும் மண் போட்டபோது ஆயாவும் ஒரு பிடி போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நிஜமான அழுகை. எனக்கு அதுவரை கண்ணீர் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னேன். பஸ் போய்விடும் என்றார்கள். கிளம்புகிறபோது ஆயா என்னைத் தனியே கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ரூம் வருகிறதாம், பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஊரில் எல்லோரும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"நீங்களே வந்து கட்டுங்க. வேற ஆள நம்ப முடியாது," என்றார்.

வர்றேன்க்கா என்றேன். அந்த டெண்டர் வந்தபோது நான் போடவில்லை. வேறொருவர் எடுத்துக் கட்டினார். அந்தச் சமயம் எனக்குப் புதூர்நாட்டுப் பக்கம் வேலை இருந்தது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் நான் போகாததற்கு அது காரணமில்லை.