பலகைக்கு வேர்த்தது

வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய் வேலை பார்ப்பதுதான் வெர்லி ஆர்சனோவின் பிழைப்பு. லூசியானாவின் சதுப்பில் வீடுகள் செங்கல் கால்களில் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி நிற்கும். அந்த இடுக்கில் பாம்பும் எலியும் வெர்லியும்தான் நுழைவார்கள் என்று ஊரில் கேலி உண்டு. அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, ஓவீட் லான்ட்ரி வீட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். மறுநாள் அவர் மகளின் கல்யாண ஆட்டம், அவள் தலைக்கு மேலிருக்கும் கூடத்தில். நாற்பது பேர் ஒரே தாளத்துக்குக் குதிப்பார்கள். தரை லேசாகத் தொய்கிறது, இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போ என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

வெக்கை ஏறாமலிருக்கத் தரைப் பலகையோடு ஒட்டியிருந்த கண்ணாடிப் பஞ்சைப் பிய்த்தாள். தண்ணீர் முகத்தில் சொட்டியது. ஈரம் பார்க்கும் மீட்டரின் ஊசியைப் பலகையில் குத்தினாள். முப்பத்தெட்டு. இருபதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். மேலே ஓவீட் நாற்காலிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். அவர் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பலகை அவள் மூக்கை நோக்கி இறங்கியது.

குழாய் ஒழுகவில்லை, மண்ணும் காய்ந்திருந்தது. ஓவீட் கோடை முழுக்க ஏசி போட்டுக் கம்பளி போர்த்தித் தூங்குகிற மனுஷர். வெளியே இருக்கும் புழுக்கக் காற்று பஞ்சுக்குள் புகுந்து, சில்லிட்ட பலகையில் வேர்க்கிறது. மேலே வினைல் விரிப்பு, கீழே பஞ்சு. காய வழியில்லாமல் பலகை மக்கிப்போயிருந்தது. கரண்ட் பில் குறையும் என்று ஐந்து வருஷத்துக்கு முன் அந்தப் பஞ்சைப் போட்டவள் வெர்லி.

வாயை மூடிக்கொண்டு இரண்டு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்ததற்கே அவளுக்கு அவமானமாக இருந்தது.

வெளியே வந்து, தரை ஆட்டத்தைத் தாங்காது என்று சொன்னாள். ஓவீட் சிரித்தார்.

"எங்கப்பன் போட்ட தரை தாயி. பியானோவே நின்ன இடம்."

மறுபடி உள்ளே போனாள். கூடத்தில் போய் நின்றவரைக் காலைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை மேல்நோக்கிக் குத்தினாள். களியில் இறங்குவதுபோல் இறங்கி, வினைலைக் கிழித்துக்கொண்டு அவர் செருப்பின் அருகே நுனி எட்டிப் பார்த்தது. மேலே சிரிப்புச் சத்தம் நின்றது.

அவள் வந்தபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் போட்ட பஞ்சுதாண்ணே காரணம்."

ஆட்டத்தை ஓக் மரத்தடிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"இதே மாதிரி இன்னும் எத்தன வீட்டுக்குப் போட்ட?"

"பதினொண்ணு."

"நாளைக்கு எல்லாரும் ஆட வருவாங்க. நீயே சொல்லிரு."

வெர்லி நாளைவரை காத்திருக்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். பதினொன்றில் முதல் வீடு அவள் தங்கையுடையது.