மூடியைத் திறந்த மதியம்

முட்டை பொரியத் தொடங்கிய பிறகு இன்குபேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஈரம் போனால் ஓட்டுக்குள் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். ஓய்வு பெற்றும் விதி சொல்வதை விடாத நான், மனைவிக்கு இதை விளக்கினேன். மூன்று முட்டைகளில் விரிசல். ஒன்றுக்குள்ளிருந்து குஞ்சு காலை முதல் கத்திக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, எடுத்து உடுங்க.”

“விதின்னா விதிதான்.”

“ஆபீஸ்லயும் வந்தவீங்கள இப்படித்தான் நிக்க வெச்சீங்களாக்கும்?”

சுருக்கென்றது. திறந்தேன். பனியன் கம்பெனி வேஸ்ட் துணியை நனைத்துப் பிடித்து, ஓட்டை மெல்ல உரித்தேன். அது பிழைத்தது. மற்ற இரண்டும் சவ்வு காய்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின.

“அதுங்களுக்கு என்னங்க ஆச்சு?”

“நோஞ்சான் குஞ்சுங்க” என்றேன்.

பிழைத்ததை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் கைராசியைப் புகழ்கிறாள். நான் சொன்ன விதி சரியென்று நிரூபிக்க இரண்டு சாட்சிகள் உண்டு. அவளிடம் வாய் திறக்கத்தான் என்னால் முடியவில்லை.