மகள் திக்கிய இடங்கள்

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். என் மகளுக்கு ஏனாத்தூர் கல்லூரியில் நர்சிங் சேர ஆசை. பன்னிரண்டாவது படிக்கும்போது, உயிரியல் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, படித்ததைப் பார்க்காமல் சொல்வாள். அப்படிச் செய்தால் சீக்கிரம் பதியுமாம்.

"நான் திக்கினா உடனே எடுத்துக் குடுக்காதப்பா. நானே யோசிச்சிக்கினு சொல்றேன்."

சரி என்றேன். ஆனால் தறியில் ஓர் இழை அறுந்தால் அந்த நொடியே நிறுத்தி முடிச்சுப் போட்டுப் பழகியவன் நான். விட்டால் புடவையே பழுதாகிவிடும். அவள் வாய் நின்றதும் எனக்கு அதே பதற்றம் வரும். அடுத்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன்.

"பரீட்சை ஹால்லயும் பக்கத்துல வந்து குந்திக்குவியா?" என்று சிரிப்பாள்.

உயிரியலில் அவள் தேறவில்லை.

"பாதி வரைக்கும் வந்துச்சுப்பா. அப்பால நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்த மாதிரி ஆயிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது மறுதேர்வுக்குப் படிக்கிறாள். நேற்றும் புத்தகத்தை என்னிடமே கொடுத்தாள். இதய வால்வுகளைப் பற்றிச் சொல்லும்போது நின்றாள். விடை என் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். தப்பாக ஒன்றைச் சொன்னாள். அப்போதும் பேசவில்லை.

"இரு, இரு, அது இல்ல" என்று அவளே திருத்திச் சொன்னாள்.

மொத்தமே அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். போன பரீட்சைக்கு முன் ஒருநாள்கூட நான் அவளுக்கு அந்த அரை நிமிடத்தைக் கொடுக்கவில்லை.