தள்ள மறுத்த ஆர்லீன்

ஆர்லீன் டகெட்டுக்கு வயது நாற்பத்தொன்று. வாரத்தில் ஐந்து நாள் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மக்கரோனி கிளறுவாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனைத் தள்ளுவாள். ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் அதைத்தான் செய்தார்கள் என்றாலும், மணிக்கு நாற்பது மைல் வேகத்தில், ஸ்டேஷன் வேகன் காரின் பம்பரை முட்டுக்கொடுத்துத் தள்ளியவள் இவள்.

புருஷன் வெர்னின் பந்தய வண்டி அப்படி. முன்னால் ஒரு ராட்சத எஞ்சின், நடுவில் ஏணி மாதிரி இரும்புக் குழாய், பின்சக்கரங்களுக்கும் பின்னால் வால் நுனியில் வெர்ன். எஞ்சினை உசுப்ப ஒரு மோட்டார் வைத்தால் எடை கூடிவிடுமாம். அதனால் பெண்டாட்டி தள்ள வேண்டும். எஞ்சின் கக்கும் எண்ணெய் முழுவதும் அவன் முகத்தில் அடிக்கும். பெண்டாட்டி துவைக்க வேண்டும். நேர்ப்பாதையில் கால் மைல், எட்டே விநாடி ஓடும் வண்டிக்காக அவள் பாத்திரத் தொட்டியில் பிஸ்டன்கள் ஊறின. போதாததற்கு வண்டியின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ‘ஆர்லீன்’ என்று எழுதி வைத்திருந்தான். “என்னைக்காவது உன்னைக் கொல்லப்போற சாமானுக்கு என் பேரா?” என்று கேட்டாள். “காதல்டி” என்றான்.

பதினெட்டு வருஷத்தில் அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எஞ்சினையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் எஃகுத் துண்டு, ஓட்டுகிறவனின் இரண்டு கால்களுக்கும் நடுவில்தான் சுழலும். போன மாதம் இன்னொரு பந்தயக்காரன் டூயி பிராக்கெட்டுக்கு அது ஓட்டத்தின் நடுவில் வெடித்தது. ஆர்லீன் கோழி சமைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். டூயி படுத்துக்கொண்டே, “இனிமே ஷூ கடைக்காரன் பாதி விலைதான் கேட்கணும்” என்றான். வெர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஆர்லீன் சொன்னாள்: “கால் இஞ்சு தகட்டுல அதுக்கு ஒரு மூடி போடு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கோ, தள்ளுறதுக்கு.”

போட்டான். அவளே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயத் திடலில் சோதனைக்காரரும் அதைத் தட்டிப் பார்த்து முத்திரை குத்தினார். வெர்ன் மூன்று சுற்று ஜெயித்தான். கடைசிச் சுற்றுக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது. வெயில் தாரை உருக்கியது. ஆர்லீன் வேகனை அவன் வாலில் ஒட்டி நிறுத்திவிட்டு, தண்ணீர்க் குடுவைக்காகப் பின் இருக்கைப் போர்வைக்குள் கையை விட்டாள். குடுவை கிடைக்கவில்லை. சுடச்சுட அந்தக் கால் இஞ்சு தகடு கிடைத்தது.

வேகனின் எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்தாள்.

பக்கத்துத் தடத்தில் எதிராளியை அவன் மச்சான் தள்ளிக்கொண்டு போனான். எஞ்சின் இடி இடித்தது. வெர்ன் கையை ஆட்டினான். மறுபடி ஆட்டினான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினான்.

“தள்ளுடி!”

“மூடி எங்கே, வெர்ன்?”

“இப்பவா கேக்குற? பதினாலு பவுண்டு! அது இல்லாட்டி ஒரு மயிரிழை முந்துவேன், தங்கம். ஒரே ஒரு ஓட்டம்தான்!”

“பதினாலு பவுண்டு குறைக்கணும்னா காலையில அந்த எட்டாவது பான்கேக்கைத் தின்னாம இருந்திருக்கலாம்ல?”

கொடிக்காரர் ஓடி வந்தார். “அம்மா, ரெண்டு நிமிஷம்தான் குடுப்பேன். அப்புறம் அவன் மட்டும் ஓடுவான்.”

“ஓடட்டும்.”

“ஆர்லீன், ஊரே பார்க்குது!”

“பார்க்கட்டும். நான் நானூறு பேருக்குச் சமைக்கிறவ. ஒரே ஒரு குரங்குக்குக் கஞ்சி ஊட்டி, தூக்கிக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக என்னால ஆகாது.” சொல்லும்போதே ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அது தனக்கே பிடிக்காமல், இறங்கிப் போய்த் தகட்டை அவன் மடியில் போட்டாள். “பூட்டு.”

வெர்ன் தகட்டைப் பார்த்தான். எதிராளியைப் பார்த்தான். அவள் கன்னத்தையும் பார்த்துவிட்டான், சனியன். ஸ்பேனர் கேட்டான்.

இரண்டு போல்ட் முறுக்குவதற்குள் கொடி விழுந்தது. எதிராளி தனியாகப் பறந்தான். கூட்டம் கூச்சலிட்டது, யாரோ ஒரு காலி டப்பாவை வேலிக்கு மேலாக எறிந்தான். வெர்ன் நிறுத்தவில்லை. மிச்சம் நான்கையும் திட்டிக்கொண்டே முறுக்கி முடித்தான்.

“பூட்டியாச்சு. எதிர்க்க ஓட ஒரு நாய் கூட இல்லை. சந்தோஷமா?”

“ம்.”

“இப்ப என்ன செய்ய?”

“ஸ்டியரிங்கைப் பிடி” என்று வேகனைக் கிளப்பினாள். எஞ்சின் செத்துக் கிடந்த ‘ஆர்லீனை’ மணிக்கு ஐந்து மைல் வேகத்தில், கேலரிகளுக்கு முன்னாலேயே, வண்டிக் கொட்டகை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.