வரி கட்டாத புகை

என் மனைவிக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். மாதம் ஒரு தரம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். போன மாதம் மருந்து கொடுக்கும் யன்னலில் இருந்த மிஸ், "மூச்சுக்கு இழுக்கிற பம்ப் முடிஞ்சிட்டு ஐயா, வெளியில வாங்குங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிகரட்டுக்கும் பீடிக்கும் நாங்க கட்டுற வரியிலதான் மிஸ் இந்த ஆஸ்பத்திரியே நடக்குது. எங்கட ஆக்களுக்கே மருந்தில்லையா?"

தேத்தண்ணிக் கடையில் நான் வழக்கமாகப் பேசும் பேச்சுத்தான். விலை கூடும்போதெல்லாம், புகைக்கிறவன்தான் நாட்டுக்கே வைத்தியம் பார்க்கிறான் என்பேன். இங்கேயும் வரிசையில் இரண்டொருவர் தலையாட்டினார்கள்.

சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி எழும்பி வந்தாள். மூச்சு இழுத்து இழுத்து, மெதுவாகத்தான் சொன்னாள்:

"இஞ்சாருங்க, நீங்க குடிக்கிறது கள்ளமா கடலால வாற எலையில சுத்தின பீடி. அதுக்கு எந்த ராசாவுக்கு வரி கட்டினீங்க?"

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். "ராத்தா சரியான இடத்தில புடிச்சிட்டா நானா."

மிஸ் சிரிக்கவில்லை. அடுத்தவரின் மருந்துத் துண்டை வாங்கினார்.

எங்கள் கரையில் அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. இந்தியாவில் இருந்து இலை படகில் வந்து இறங்கும், யாரோ ஒரு வீட்டில் சுற்றுவார்கள், மலிவாகக் கிடைக்கும். பிஸ்கட் பக்கட்டைக் கூடத் திருப்பி ஹலால் பார்த்துச் சாப்பிடுகிற நான், பீடிக் கட்டைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. பள்ளிக்குப் போகும்போது பக்கத்தில் தொழுகிறவருக்கு வாடை அடிக்கக் கூடாதென்று வாயில் கராம்பு போடுவேன். வீட்டில் அந்தக் கவனம் வந்ததில்லை. அவள் படுக்கிற அறையின் யன்னலடியில் இருந்துதான் பற்றவைப்பேன்.

பார்மசியில் பம்ப் வாங்கிக் கொடுத்தேன். றோட்டிலேயே நின்று இழுத்தாள். மூச்சுக் கொஞ்சம் சரியானதும், "அந்த மிஸ்கிட்டப் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அந்தப் புள்ள என்ன செய்யும்?" என்றாள்.

திரும்பிப் போனேன். "பிழையாக் கதைச்சிட்டன் மகள்."

"பரவாயில்ல ஐயா. அவங்களுக்குப் புகை மட்டும் ஆகாது, பாத்துக்கோங்க."

சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அவளைப் பள்ளிக்கு முன்னால் மரநிழலில் இருக்கவைத்துவிட்டு உள்ளே போனேன். கராம்பு எடுக்கப் பைக்குள் கைவிட்டால் பீடிக் கட்டுத்தான் முதலில் தட்டுப்பட்டது. தொழுது முடித்து, அவளுக்கு நல்ல மூச்சைத் தா அல்லாஹ் என்று கேட்கத் தொடங்கினேன். நெஞ்சோடு கட்டு உரசிக்கொண்டிருந்தது. மேலே கேட்க வாய் வரவில்லை.

எழும்பி வெளியே வந்து பீடிக் கட்டை றோட்டோரக் கானுக்குள் போட்டேன். அவள் மரநிழலில் இருந்து பார்த்தாள். பள்ளி மதிலோரம் நின்றுதான் மிச்சத் துஆவைக் கேட்டேன்.