நான்காவது துறை

பாலக்கரையில் அற்புதம்மாளைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் போடும் பொத்தான் துளையைத் தெரியாதவர்கள் இல்லை. கான்வென்ட் பிள்ளைகளின் சீருடையெல்லாம் அவள் மெஷினில்தான் தைக்கப்படும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே நூலளவு வித்தியாசம் வந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். படித்தது ஐந்தாவது வரைதான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபிறகு, தன்னைவிடப் பதினோரு வயது இளைய தம்பி ஸ்தனிஸ்லாஸை அந்த மெஷினை மிதித்தே எஸ்.எஸ்.எல்.சி. வரை கொண்டுவந்தாள். யாராவது அவள் கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்பாள்.

தம்பி நிலைக்கு வந்தது 1957-இல். ஜங்ஷன் பக்கம் லாட்ஜ் வைத்திருந்த பிலோமின்ராஜ், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வேன் விட ஆரம்பித்தார். காலையில் மலைக்கோட்டையும் பல்லவர் குகையும். பிறகு திருவானைக்காவல், ஸ்ரீரங்கம். சாப்பாடானதும் கொள்ளிடம் தாண்டித் திருவெள்ளறை. சாயங்காலம் முக்கொம்பில் காபி. கூடவே போய் விளக்கிச் சொல்ல, மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடிப் பழகிய ஸ்தனிஸ்லாஸின் குரல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. சட்டையில் குத்திக்கொள்ள 'வழிகாட்டி' என்று எழுதிய பித்தளை வில்லை ஒன்றும் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் அற்புதம்மாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். தம்பி முதல் பூசைக்குப் போகும்போதே அதைக் குத்திக்கொண்டுதான் போகவேண்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமே!

தம்பி சொல்லவேண்டியதையெல்லாம் நீள நோட்டு ஒன்றில் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். அவன் லைப்ரரியில் படித்துவிட்டு வந்து சொல்வான். அவள் தன் குண்டு எழுத்தில் இறக்குவாள். மலைக்கோட்டைப் படிகளைத் தானே போய் எண்ணினாள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் கணக்கில் மூன்று படி உதைத்ததால், முழங்கால் வலியோடு மூன்றாம் தடவையும் ஏறினாள். ஸ்ரீரங்கத்தில் வேற்று மதத்தார் தாண்டக்கூடாத ஆரியபடாள் வாசலுக்கு அப்பால் தம்பி போவதில்லை. கூட்டத்தை ஒரு கோயில்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே நிற்பான். 'இங்கே செருப்புகளைப் பார்த்துக்கொள்ளவும்' என்று அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தாள்.

"அக்கா, ராஜா பேரு, வருஷம் எல்லாம் சொன்னா ஜனங்க கொட்டாவி விடறாங்கக்கா" என்றான் ஒரு நாள்.

"வாயாலயே சொல்லிக்கிட்டிருந்தா கொட்டாவிதான் வரும். அவங்களை நடக்க வை."

அன்று அவள் யோசித்துச் சொன்னதுதான் அந்த விளையாட்டு. திருவெள்ளறையில் பல்லவர் காலத்துப் பெரிய கிணறு ஒன்று உண்டு. நான்கு பக்கமும் நான்கு படித்துறைகள். ஒவ்வொன்றும் முழங்கை மடங்கினாற்போல் திரும்பித் தண்ணீருக்கு இறங்கும். ஒரு துறையில் குளிப்பவரை மற்ற மூன்று துறைகளில் இருப்பவர்கள் பார்க்க முடியாது. இதை வாயால் சொல்லாமல், துறைக்கு ஒருவராக நான்கு பேரை இறக்கிவிடவேண்டும். மேலேயிருந்து வழிகாட்டி "ஒண்ணு!" என்று கூப்பிட, முதல் துறைக்காரர் "இருக்கேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. குரல் கேட்கும், ஆளைக் காணமுடியாது.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. முக்கொம்பில் காபி குடிக்கும்போதும் அதையே பேசிச் சிரித்தார்கள். கோயம்புத்தூர் வாத்தியார் ஒருவர் லாட்ஜ் நோட்டில் 'கிணற்று விளையாட்டு மிக அருமை' என்று எழுதினார். அற்புதம்மாள் அதைத் தம்பியை நகலெடுத்து வரச்சொல்லித் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டாள். சீருடை வாங்க வந்த தாய்மார்கள் அத்தனை பேருக்கும் அது வாசித்துக் காட்டப்பட்டது.

1959 கார்த்திகையில் நல்ல மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் சோர்ந்துபோய் வந்தான்.

"அக்கா, கிணத்துப் படியெல்லாம் பாசி. இன்னிக்கு ஒருத்தர் சறுக்கிட்டாரு. வெயில் வர்றவரைக்கும் அந்த விளையாட்டை நிறுத்திடலாமா?"

"விழுந்துட்டாரா?"

"இல்ல. இடுப்பு வரைக்கும் நனைஞ்சுட்டாரு."

"வேட்டிதானே நனைஞ்சுது? ஜனங்க அதுக்குத்தான்டா வராங்க. அதை எடுத்துட்டா உன் வேனுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம்?"

அக்கா சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் இல்லை.

அடுத்த ஞாயிறு நடந்ததை அற்புதம்மாள் பார்க்கவில்லை. டிரைவர் அப்துல் ரஹீம் சொல்லித்தான் தெரியும். கரூரிலிருந்து பிச்சைமுத்து என்ற பெரியவரும் அவர் மனைவி வேலம்மாளும் வந்திருந்தார்கள். ரயில் இன்ஜினில் ஃபயர்மேனாக இருந்து ரிட்டையரானவர். நான்காவது துறைக்கு அவர்தான் ஆசையாக முன்வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல்கள் வந்தன. "நாலு!" என்று ஸ்தனிஸ்லாஸ் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான்.

மேலே நின்ற வேலம்மாள் சிரித்துவிட்டாள். "அவருக்கா கேக்கும்? முப்பது வருஷம் இன்ஜின்ல கரி அள்ளிப் போட்ட காது. பக்கத்துல நின்னு மணி அடிச்சாலும் திரும்ப மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். "உள்ளே புதையல் கிடைச்சிருக்கும், தனியா அமுக்கறாரு" என்றார் ஒருவர். ஸ்தனிஸ்லாஸும் சிரித்துக்கொண்டே மிச்ச விளக்கத்தையும் சொல்லி முடித்தான். பிறகு நான்காவது துறைக்குப் போய்ப் பார்த்தபோது, செருப்புகள் மட்டும் படியில் ஜோடியாக இருந்தன.

"அல்லா மேல ஆணையா சொல்றேன், தம்பிக்கு நீச்சல் தெரியாதும்மா. தெரியாமலே குதிச்சிட்டான். அவனை மேலே இழுத்துப் போட்டுட்டுத்தான் நாங்க பெரியவரைத் தேடினோம்" என்றார் அப்துல் ரஹீம்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் அற்புதம்மாள் நின்றாள். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இந்த விளையாட்டை யாருப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலைங்க. நானே யோசிச்சதுதான்."

"பாசி இருக்குன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"எனக்கு நிறுத்த மனசு வரலைங்க" என்றான்.

வாசல்படியில் ஒரு கால் வைத்தாள் அற்புதம்மாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாலக்கரை முழுக்கப் பேசுமே என்று தோன்றியது. கால் பின்வாங்கிக்கொண்டது.

பெரியவரின் சாவை விபத்து என்று எழுதி முடித்தார்கள். வழக்கு இல்லை. வேன் நின்றுபோயிற்று, வில்லையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஸ்தனிஸ்லாஸ் காந்தி மார்க்கெட்டில் ஒரு அரிசி மண்டியில் சாக்குகளுக்கு மார்க் போடும் வேலைக்குப் போனான். யாரோடும் பேசவேண்டாத வேலை. பாட்டுக் குழுவுக்கும் போவதில்லை. வீட்டில் "சோறு", "தண்ணி", "போயிட்டு வரேன்". அந்தக் கிணற்றைப் பற்றி அவன் ஒரு சொல் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆறு வருடம் அப்படி ஓடியது.

1965-இல் பிலோமின்ராஜ் வீடு தேடி வந்தார். மறுபடி வேன் விடப்போவதாகச் சொன்னார். "உன்னை மாதிரி சொல்றதுக்கு ஆள் கிடைக்கலைடா. கிணறு வேணாம், மத்ததைக் காட்டு. ஏதோ உன் புத்தியில ஒரு கோணல் யோசனை வந்துது, அதெல்லாம் ஜனங்க மறந்துட்டாங்க."

ஸ்தனிஸ்லாஸ் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு வாய் வராதுங்க" என்றான்.

அந்த ஒரு பார்வை அற்புதம்மாளைத் தூங்கவிடவில்லை. பழைய நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், போலீஸ் காகிதத்தைப் பார்த்து அன்றே அவள் எழுதி வைத்த பிச்சைமுத்து வீட்டு விலாசம் இருந்தது. துணி கொடுத்துவிட்டு வருவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டு, கோட்டை ஸ்டேஷனில் கரூருக்கு ரயில் ஏறினாள்.

வேலம்மாள் ஓட்டு வீட்டு வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "யாருங்க?" என்றாள்.

அற்புதம்மாள் நின்றபடியே சொன்னாள். தான் யார் என்றும், விளையாட்டு தன்னுடையது என்றும், தம்பி நிறுத்தலாமா என்று கேட்டதையும், தான் என்ன பதில் சொன்னாள் என்பதையும், வேட்டி நனைந்த பேச்சு உட்பட ஒன்றும் விடாமல் சொன்னாள்.

வேலம்மாள் மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இதை எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?"

"மனசு கேக்கலைங்க."

"சொன்னா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு? நான்தானே அன்னிக்கு முதல்ல சிரிச்சேன். நான் யார்கிட்ட போய் சொல்றது?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிளம்பத் திரும்பியபோது வேலம்மாள், "மணி ஒண்ணாச்சு. சாப்பிட்டுப் போங்க" என்றாள். கோபமா, மரியாதையா, அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இலையைப் போட்டுவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் முகம் வெளுத்துப்போயிற்று. "ஏன்க்கா போனே? ஆறு வருஷமா உன் பேரு அதுல வராம வச்சிருந்தேனே. நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் போய்க் கொட்டிட்டு வந்துட்டியே."

அவள் மெஷின் அருகில் உட்கார்ந்தாள். தையல் எதுவும் மெஷினில் இல்லை. கை சும்மா சக்கரத்தைப் பிடித்திருந்தது. அவளுக்குத் தம்பியைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெளியே கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

அதன்பிறகு அவன் கேட்டான். "அவங்க என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அவன் எழுந்து வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். "வீட்டுல அவரு போட்டோ மாட்டியிருக்காங்களா?"

"மாட்டியிருக்காங்க."

"கண்ணாடி போட்டிருக்காரா?"

"கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. ரயில்வே கோட்டு. மேல் பட்டன் போடலை."

"அன்னிக்கும் அந்தக் கண்ணாடிதான்" என்றான் அவன். "படி இறங்கும்போது கழட்டி வேட்டியில தொடைச்சாரு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன்."

ஆறு வருடத்தில் அவன் அந்த நாளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனான்: வீடு எப்படி இருக்கிறது, யார் துணை, அந்தம்மாளுக்கு நடக்க முடிகிறதா. அற்புதம்மாள் பார்த்தது பார்த்தபடி, ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல் பதில் சொன்னாள்.